தட்டுப்பாட்டில் வீடு நடத்துவது: ஜாம் போத்தல் விளக்கு முதல் வளவுத் தோட்டம் வரை

முதலில் போத்தலைத் தேட வேண்டும். ஒரு இறாத்தல் ஜாம் வந்த, வாய் அகன்ற, அடி தடித்த கண்ணாடிப் போத்தல். உயரமான போத்தல் கை பட்டதும் சரியும். மெல்லிய போத்தல் சூட்டில் வெடிக்கும். சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டு உரஞ்சிக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் திரி சடசடக்கும், சுடர் நிற்காது.

இரண்டாவது பஞ்சு. பழைய தலையணையில் இருக்கும் இலவம் பஞ்சு நல்லது. அது எண்ணெயை நன்றாகக் குடிக்கும். போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு அமத்தி வையுங்கள். அதன் மேல் மண்ணெண்ணெய், மேசைக்கரண்டியால் இரண்டு. மிஞ்சினால் மூன்று. பிறகு போத்தலைக் கையில் எடுத்துச் சரித்துப் பாருங்கள். எண்ணெய் ஓடக் கூடாது. ஓடினால் விட்டது கூடிவிட்டது. இன்னும் கொஞ்சப் பஞ்சு வைத்து அதைக் குடிக்க விடுங்கள். இந்தச் சோதனையை ஒரு நாளும் தவற விடாதீர்கள். விளக்குத் தட்டுப்பட்டு விழுந்தாலும் நெருப்பு ஓடிப் பரவாமல் இருப்பது இதனால்தான்.

மூன்றாவது திரி. பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வால்வுக்கட்டையை வெட்டி எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் ரப்பரை முழுவதும் சுரண்டி விடுங்கள். பழைய வேட்டியில் ஒரு நாடா கிழித்து, இறுக்கித் திரித்து, அந்த உலோகக் குழாய்க்குள்ளால் இழுங்கள். பருத்தித் துணிதான் வேண்டும். நைலோன் கலந்தது உருகிக் குழாயை அடைக்கும். மேலே அரிசி மணி அளவுக்குத் திரி தெரிந்தால் போதும். கீழே தொங்கும் நுனி பஞ்சுக்குள் புதைய வேண்டும். மெல்லிய கட்டுக்கம்பியைக் குழாயைச் சுற்றி இறுக்கி, மூன்று கால் போல வளைத்துப் பஞ்சின் மேல் நிறுத்துங்கள். போத்தலுக்குள் கை போகாது. ஈர்க்கு நுனியில் நெருப்பெடுத்து உள்ளே நீட்டிக் கொளுத்துங்கள். சுடர் போத்தலின் வாய்க்குக் கீழே நிற்கும். அதனால் காற்று அதை அசைக்காது. கண்ணாடியில் கரி பிடித்தால் திரி நீண்டிருக்கிறது என்று அறிந்து, ஊசியால் உள்ளே தள்ளுங்கள்.

இந்த விளக்கை நான் முதன்முதலில் செய்தது 1990 இல். அந்த வருசத்தின் நடுவில், போருக்குள், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து, சவர்க்காரம் எல்லாம் தடையில் அகப்பட்டன. கோண்டாவிலில் எங்கள் வீட்டில் அப்போது ஐந்து பேர்: நானும் அவரும், மாமி, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள், சின்னவன். நான் மனையியல் ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த புத்தகத்தில் வீட்டு நிருவாகம் என்று ஒரு பாடம் இருந்தது. மின்சாரமும் சவர்க்காரமும் இல்லாத வீட்டை நிருவகிப்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் என் பேர்த்தி. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் படிக்கிறாள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க வீடுகள் எப்படி நடந்தன என்று அவளுக்கு ஒரு ஒப்படை. போனில் ஒரு பங்கீட்டுப் புத்தகத்தின் படத்தைக் காட்டிக் கேட்டாள்: "அம்மம்மா, உங்களுக்கும் இப்பிடிப் புத்தகம் தந்தவையோ?"

"கூப்பன் தந்தவை பிள்ளை. சங்கக்கடையில சாமான் வந்த நாளும் இருந்தது, வராத நாளும் இருந்தது."

"அப்ப எப்பிடிச் சமாளிச்சனீங்கள்? அந்த லாம்பு எப்பிடிச் செய்யிறது? எழுதி அனுப்புங்கோ."

ஆகவே எழுதுகிறேன். அவளுடைய ஒப்படைக்காக நானும் அந்த நாட்டுக் கதையை வாசித்தேன். அங்கங்கே அதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அமெரிக்கப் பெருநிலத்தில் விமானங்கள் வந்து ஊர்களை இடிக்கவில்லை. எங்களுக்கு வானமும் பயம். ஆனால் அடுப்படிக்குள் நிற்கும் பெண்ணின் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

விளக்கைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது

எரிந்துகொண்டிருக்கும் விளக்குக்குள் எண்ணெய் விடாதீர்கள். இதை நான் படித்துச் சொல்லவில்லை. 1991 இல் ஒரு இரவு, மகள் கணக்குச் செய்துகொண்டிருந்தாள், சுடர் மங்கியது. அணைத்தால் மறுபடி ஒரு நெருப்புக்குச்சி வேண்டுமே என்று, எரியும்போதே ஒரு கரண்டி எண்ணெயைச் சரித்தேன். கரண்டியிலேயே பிடித்தது. நான் கையை உதற, அது பக்கத்தில் நின்ற சின்னவனின் முழங்கைக்குக் கீழே பட்டது. ஆறு வயது. வீட்டில் இருந்த கடைசிப் பற்பசையைப் பிதுக்கிப் பூசினேன். அதுவும் பிழை. நெருப்புப் பட்டால் கிணற்றுத் தண்ணீரை இருபது நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். பற்பசை, எண்ணெய், மா ஒன்றும் பூசக் கூடாது. சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இன்று அவனுக்கு நாற்பது வயது. கையில் வேப்பிலை அளவுக்கு ஒரு தழும்பு. அதைக் காணும்போதெல்லாம் அந்த ஒரு நெருப்புக்குச்சிதான் எனக்கு ஞாபகம் வரும்.

விளக்கை ஓர் அலுமினியத் தட்டில் மணல் பரப்பி, அதன் நடுவில் வையுங்கள். நுளம்பு வலைக்குள் கொண்டுபோகாதீர்கள். பெற்றோல் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. தலைமுடியைப் பின்னிக் கட்டிக்கொண்டுதான் பிள்ளைகள் குனிந்து படிக்க வேண்டும். பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தால் வெளிச்சம் கூடும். இரண்டு பேர் எதிரெதிரே இருந்து படிக்கலாம்.

தென்னிலங்கையில் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், குப்பி விளக்கு விழுந்து எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து செய்து மனம் பொறுக்காமல், விழுந்தாலும் உருளாத, எண்ணெய் சிந்தாத ஒரு விளக்கைச் செய்தார். கட்டையான, பாரமான கண்ணாடி, இரண்டு பக்கம் தட்டை, திருகும் மூடி. மார்மைற் போத்தலைப் பார்த்து வந்த யோசனை அது. சுதீபா என்று பெயர். 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அப்படி ஒன்று கைக்கு எட்டினால் என் ஜாம் போத்தலை விட்டுவிட்டு அதையே வையுங்கள்.

எண்ணெய்ப் போத்தலை எங்கே வைப்பது

விளக்குச் செய்வது ஒரு பின்னேர வேலை. எண்ணெயைப் பங்கிடுவதுதான் பெரிய வேலை. இந்தப் பகுதியை நான் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 1942 வைகாசியில் முதலாவது பங்கீட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். கொடுத்த இடம் பள்ளிக்கூடம், மேசையில் இருந்து பெயர் எழுதியவர்களில் பெரும்பாலானோர் ஆசிரியர்கள். இதை வாசித்தபோது அந்த மேசைக்குப் பின்னால் நானும் இருந்தது போல இருந்தது. வீட்டுக்கு ஒரு புத்தகம் அல்ல, ஆளுக்கு ஒரு புத்தகம், கைக்குழந்தைக்கும் ஒன்று. பதியும்போது வீட்டில் ஏற்கெனவே எவ்வளவு சீனி இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். கூடுதலாக இருந்தால் அந்த அளவுக்கு முத்திரைகளைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் புத்தகத்தைக் கொடுத்தார்கள். சீனி ஆளுக்குக் கிழமைக்கு அரை இறாத்தல், அதாவது ஏறத்தாழ 227 கிராம் வரும். அந்த வருசக் கார்த்திகை முடிவில் கோப்பியும் பங்கீட்டுக்கு வந்தது: பெரியவர் ஒருவருக்கு ஐந்து கிழமைக்கு ஓர் இறாத்தல். 1943 இல் தகரத்தில் அடைத்த மரக்கறிக்கு நீலப் புள்ளி, இறைச்சிக்கும் பட்டருக்கும் சீஸுக்கும் சிவப்புப் புள்ளி. போர் முடிந்த பிறகும் சீனிப் பங்கீடு 1947 வரை நீண்டது.

இருப்பதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் பங்கு. அதை வாசித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்தேன். ஏனென்றால் அதே வேலையை நான் மறைத்துச் செய்தவள்.

1991 கார்த்திகை. மகளுக்குப் பரீட்சைக்கு ஒரு மாதம். தெரிந்த ஒருவரிடம் கூடின விலை கொடுத்து ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கி, ஒருவருக்கும் சொல்லாமல் எங்கள் கட்டிலுக்குக் கீழே சாக்கால் மூடி வைத்தேன். பரீட்சைக் கிழமையில் எடுக்கலாம் என்று. வீட்டில் எண்ணெய் முடிகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். மாமி இரவில் தேவாரம் படித்துவிட்டுத்தான் படுப்பா. சில நாளாக அவவின் அறையில் வெளிச்சம் இல்லை. நித்திரை என்று நினைத்தேன். ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போனபோது எட்டிப் பார்த்தால், இருட்டில் சுவரோடு சாய்ந்திருந்து, புத்தகத்தை மடியில் விரித்து வைத்து, தெரியாத எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு பாடுகிறா.

"ஏன் மாமி, லாம்பு கொளுத்தேல்லையோ?"

"பிள்ளை படிக்கட்டும். எனக்குப் பாடம்தானே."

அந்த நேரம் என் காலடியில், சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு போத்தல் எண்ணெய் நிறைந்து கிடந்தது.

அடுத்த நாள் அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தேன். மாமி ஒன்றும் கேட்கவில்லை. மகள்தான் என் முகத்தைப் பார்த்தாள். கறுப்பு நூல் எடுத்துப் போத்தலைச் சுற்றி நான்கு இடத்தில் கட்டினோம். ஒரு நூலிலிருந்து அடுத்த நூல் வரை ஒரு கிழமை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எண்ணெய்ப் போத்தல் மேசையை விட்டு இறங்கவில்லை.

செய்ய வேண்டிய முறை இதுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில் உள்ள எல்லாரும், சின்னப் பிள்ளையும், மேசையைச் சுற்றி இருக்க வேண்டும். அரிசி, மா, சீனி, எண்ணெய், சவர்க்காரம் எல்லாவற்றையும் வெளியில் எடுத்து அளவுங்கள். அளக்கும் சுண்டு மாறக் கூடாது. ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதும் வேலையை வீட்டுத் தலைவியே வைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் எண்ணெய்க் கணக்கு மகளின் கையில், சீனிக் கணக்குச் சின்னவனின் கையில். எழுத்து வடிவாகத் தெரியாத வயதில் அவன் சீனிக்குக் கோடு கோடாகக் கீறி வைப்பான். தன் கையால் கோடு போட்ட பிள்ளை, களவாகச் சீனி தின்னமாட்டான். மறைத்து வைத்துப் பங்கிட்டால் ஆளுக்கு ஆள் சந்தேகம் வரும், அல்லது மாமியைப் போல ஒருவர் தன் பங்கையும் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்துவிட்டு இருட்டில் இருப்பார். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

உடுப்புத் தோய்ப்பது

அமெரிக்கப் பெண்கள் பொரித்து மிஞ்சிய கொழுப்பை வடித்துத் தகரத்தில் சேர்த்து இறைச்சிக்கடையில் கொடுத்தார்கள். அதிலிருந்து கிளிசரின் எடுத்து வெடிமருந்துக்குப் பாவித்தார்கள். பிறகு அதற்குக் காசோடு சிவப்புப் புள்ளியும் கொடுத்தார்கள். சவர்க்காரம் ஆகக்கூடிய பொருள் அங்கே வெடிமருந்துக்குப் போயிற்று. இங்கே சவர்க்காரமே பாதையில் நின்றுவிட்டது. எங்களுக்குக் கைகொடுத்தது பனை.

பனம்பழம் விழும் ஆவணி, புரட்டாதியில் விடியப்புறமாகப் போய்ப் பொறுக்குங்கள். விடிந்தால் மாடு முந்திவிடும். நன்றாகக் கனிந்து கறுத்த பழம். காம்புப் பக்கத்தை மூடியிருக்கும் மூள்களைக் கழற்றி, தோலை உரித்து, கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். தும்பிலிருந்து மஞ்சள் களி இறங்கி, தண்ணீர் வழவழவென்று நுரைத்து வரும். உடுப்பை அதில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, கல்லில் அடித்து, மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். அலசுவதில் கள்ளம் செய்யாதீர்கள். மணம் மிஞ்சினால் கொடியில் காயும் சீலையை மாடு வந்து சப்பும். அவருடைய நல்ல சாரம் ஒன்றை அப்படித்தான் இழந்தோம். வெள்ளை உடுப்புக்குப் பனம்பழம் வேண்டாம், மஞ்சள் ஏறும். பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு, வெண்சாம்பலைத் துணியில் கட்டித் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை இறுத்து எடுத்துத் தோயுங்கள். கை எரியும், தோய்த்த பிறகு தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். தலைக்குச் செவ்வரத்தம் இலையும் வெந்தயமும் அரைத்து வைத்தால் ஷாம்பு நினைவே வராது. பல்லுக்கு ஊமல், அதாவது கிழங்கு எடுத்த பனங்கொட்டை, அதன் கரியும் உப்பும்.

அடுப்பு

விறகுக்கு வளவை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. காவோலை, பன்னாடை, கொக்காரை, ஊமல், பொச்சு மட்டை எல்லாம் எரியும். நின்று எரிவது ஊமல். மாரிக்கு முன் பத்திக்குள் அடுக்கிவிடுங்கள். மரம் அரியும் இடத்தில் தூள் கிடைத்தால், ஒரு தகரத்தின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை இறுக்கி இடித்து, போத்தலை மெல்லத் திருகி எடுங்கள். அடியில் பக்கவாட்டில் ஒரு துளை. அதற்குள்ளால் கொளுத்தினால், சோறும் கறியும் ஆகி, சுடுதண்ணியும் வைக்கலாம். ஊதும் வேலை இல்லை.

சாப்பாடும் தோட்டமும்

தேத்தண்ணிக்குச் சீனி இல்லாத காலத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். ஒரு கடி, இரண்டு மிடறு. பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்குங்கள். கரைத்துக் கொடுத்தால் இரண்டு மடங்கு போகும். கோதுமை மாவை எங்கள் ஆச்சி கடைசி வரை அமெரிக்கன் மா என்றுதான் சொன்னா. அந்த மா கிடைத்தால் அவித்து அரித்து, காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவோ குரக்கன் மாவோ கலந்து பிட்டவியுங்கள். வயிற்றில் நின்று பிடிக்கும். ஆச்சி தன் காலத்துக் கதை சொல்லுவா. 1942 இல் பர்மா ஜப்பான்காரரிடம் போனதும் ரங்கூன் அரிசி நின்றது. அந்த வருசச் சித்திரையில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. அந்த வருசம் எங்கள் வளவில் மரவள்ளி நட்டதாகவும், அந்த மரவள்ளித் தடிதான் தலைமுறையாக நட்டு நட்டு வருகிறது என்றும் சொல்லுவா. 1990 இலும் முதலில் நான் நட்டது அதன் தடியைத்தான்.

அதே காலத்தில் அமெரிக்காவில் வெற்றித் தோட்டம் என்று பெயர் வைத்து வீட்டு முற்றத்திலும், பள்ளிக்கூட வளவிலும், நகரத்து வெறும் காணியிலும் மரக்கறி போட்டார்கள். ஏறத்தாழ 2 கோடித் தோட்டம். ஒரு கட்டத்தில் அந்த நாட்டில் விளைந்த மரக்கறியில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தச் சின்னத் தோட்டங்களில் விளைந்ததாகச் சொல்லுகிறார்கள். 1943 இல் எலினோர் ரூஸ்வெல்ற் வெள்ளை மாளிகை வளவிலேயே பாத்தி கட்டுவித்தார். விளைந்ததைப் பெண்கள் போத்தலில் அடைத்து மாரிக்கு வைத்தார்கள். எங்களுக்கு அந்த வேலை வெயில் செய்து தரும்: கத்தரி வத்தல், பாவற்காய் வத்தல், மோர்மிளகாய்.

தோட்டம் தொடங்க யாழ்ப்பாணத்து வளவுக்கு நான் சொல்வது இது. முதல் மழை விழுமுன், புரட்டாதியில், நிலத்தைக் கொத்திப் பச்சைக் குழையை மண்ணுக்குள் தாழுங்கள். பூவரசங்குழை, கிளிசரியா, வேப்பங்குழை எது கிடைத்தாலும் சரி. உரப்பை வராத காலத்தில் அந்தக் குழையும் மாட்டெருவும்தான் செம்மண்ணைக் காத்தன. கிணற்றடியில் வாழையும் சேம்பும். குளிக்கும் தண்ணீர் அதற்கு ஓடும். வேலியோரம் முருங்கை. முருங்கைத் தடியை நட்டுவிட்டால் அதற்குப் பிறகு உங்களிடம் ஒன்றும் கேளாது, காயும் இலையும் பூவும் தரும். வேலியில் பசளிக் கொடி. நடுவில் வெண்டி, கத்தரி, பயற்றை. ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காதீர்கள். பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக முளைக்கீரை தூவினால் ஒவ்வொரு கிழமையும் பிடுங்கக் கீரை இருக்கும். ஒவ்வொரு பாத்தியிலும் நல்ல செடி ஒன்றை விதைக்கு முற்ற விட்டு, விதையைச் சாம்பலோடு பிரட்டிப் போத்தலில் அடையுங்கள். தட்டுப்பாட்டில் காசுக்கும் வாங்க முடியாதது விதை.

மரவள்ளிக்கு ஒரு கவனம். தோலைத் தடிப்பாகச் சீவி, நடு நாரை எடுத்து, சட்டியை மூடாமல் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கசக்கும் கிழங்கைத் தூக்கி எறியுங்கள். நச்சு உள்ள கிழங்கு அது. இஞ்சியோடு சேர்க்கக் கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு கட்டு இருக்கிறது. நான் இன்றைக்கும் சேர்ப்பதில்லை.

இறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லாதபோது ஊரில் பழைய கிணற்றுத் துலாக்கள் மறுபடி நிமிர்ந்தன. துலா மிதிக்கத் தெரிந்த கிழவர்களைத் தேடிப் போய்ப் பழகினார்கள் பெடியள். உங்கள் ஊரில் அப்படி ஒரு கைவேலை தெரிந்த முதியவர் இருந்தால், தேவை வருமுன் அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள்

ஜப்பான் மலாயாவையும் டச்சுக்காரரின் தீவுகளையும் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வரும் வழி அடைபட்டது. 1942 மார்கழியில் நாடு முழுவதும் பெற்றோலுக்குப் பங்கீடு வைத்ததே பெரும்பாலும் ரயர் தேயக் கூடாது என்பதற்காக. மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓடத் தடை. அப்போது நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய ரப்பர்த் தோட்டம் எங்கள் இலங்கைதான். ஐம்பது வருசம் கழித்து, அதே இலங்கையின் வடக்கு மூலையில், நாங்கள் ஒரு சைக்கிள் ரியூப்பில் பதினான்கு ஒட்டுப் போட்டோம்.

ரயர் வெடித்தால் எறியாதீர்கள். பழைய ரயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்துத் தைத்தால் இன்னும் ஒரு வருசம் ஓடும். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவின் வயரை ரேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் கையால் மிதிகட்டையைச் சுழற்ற, மற்றவர்கள் கேட்கலாம். சீராகச் சுழற்ற வேண்டும். கூடக்குறைந்தால் குரல் இழுபடும். பிபிசி தமிழோசையை எங்கள் ஒழுங்கை முழுவதும் அப்படித்தான் கேட்டது. சுழற்றும் முறை வீட்டுக்கு வீடு மாறும்.

ஒரு பை

குண்டுக்குப் பதுங்கும் பங்கர் வெட்டும் முறையை நான் என் பேர்த்திக்கு எழுதப் போவதில்லை. பையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு, ஒரு படம். பொலித்தீனில் இரண்டு சுற்று. வீட்டில் எல்லாருக்கும் அது எந்த ஆணியில் தொங்குகிறது என்று தெரிய வேண்டும். 1995 ஐப்பசி 30 இல் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எங்களிடம் மிஞ்சியதில் நனையாமல் இருந்தது அந்தப் பை ஒன்றுதான். அதற்குள் எண்ணெய்க் கொப்பியும் இருந்தது. மகள் வைத்திருக்கிறாள்.

படலை விளக்கு

அமெரிக்க வீடுகளின் யன்னலில், போருக்குப் போன பிள்ளைக்கு ஒன்றாக நீல நட்சத்திரம் வைத்த சின்னக் கொடி தொங்குமாம். பிள்ளை இறந்தால் நீலத்தின் மேல் பொன்நிற நட்சத்திரத்தைத் தைத்துவிடுவார்களாம். அதைச் சொன்னபோது பேர்த்தியின் குரல் தாழ்ந்துவிட்டது. எனக்கு எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு நினைவுக்கு வந்தது.

அந்த வீட்டு அம்மாவின் மகன் ஒரு நாள் வெளியே போய்த் திரும்பவில்லை. அவ இருட்டினதும் படலையில் ஒரு ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைப்பா. எண்ணெய் இல்லாத இரவிலும் வெறும் போத்தலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பா. ஒழுங்கையில் நாங்கள் ஏழு வீடு. ஒருவரும் கூடிப் பேசி முடிவு எடுக்கவில்லை. ஒரு வீடு ஒரு கரண்டி கொடுத்தது, அடுத்த நாள் அடுத்த வீடு. எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. மகளின் கொப்பியில் செவ்வாய் தோறும் ஒரு வரி இருக்கும்: படலைக்கு 1 கரண்டி. வீட்டில் எண்ணெய் நூலுக்குக் கீழே இறங்கிய கிழமையிலும் அந்த வரி இருக்கிறது. பங்கிடும்போது வெளியே போக வேண்டிய கரண்டியை முதலில் எடுத்து வையுங்கள். மிஞ்சினால் கொடுக்கலாம் என்று இருந்தால் ஒரு நாளும் மிஞ்சாது.

2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போனில் சார்ஜ் போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் நின்றார்கள். கூப்பிட்டு இருத்தி, போத்தலைக் கழுவ வைத்து, பஞ்சு வைத்து, சரித்துப் பார்க்கப் பழக்கினேன். ஆறு பேர் செய்தார்கள். ஒருத்தி தன் விளக்கைக் கொண்டு ஓடப் பார்த்தாள். மறித்து, கொளுத்திய விளக்கோடு நடக்கக் கூடாது, வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் கொளுத்த வேண்டும் என்று சொன்னேன். அதை மேலே எழுத மறந்துவிட்டேன்.

அணைக்கும்போது வாயால் ஊதாதீர்கள். உள்ளே ஊதினால் கரி மேலெழும்பி முகத்தில் அடிக்கும், சுடரும் ஒருமுறை எழும்பும். தண்ணீர் தெளித்தால் கண்ணாடி வெடிக்கும். ஒரு சிரட்டையைப் போத்தலின் வாயில் கவிழ்த்து வையுங்கள். சுடர் குறுகி, நீலமாகி, நூல் போலப் புகை விட்டு நிற்கும். பத்து வரை எண்ணிவிட்டு எடுங்கள். போத்தல் நன்றாக ஆறட்டும். நாளைக்கு எவ்வளவு எண்ணெய் விட வேண்டும் என்று விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.